வடம் பிடிக்கும் ஆயிரம் கைகள்: மூளை கண்ணை அசைக்கும் விதம்

வெள்ளவத்தையில் காலி வீதியோரத்துப் பஸ் தரிப்பிடமொன்றில் மாலை வேளையில் நிற்பவர்களின் கண்களைக் கவனித்தால், அவை ஓரிடத்திலும் நீண்ட நேரம் தங்குவதில்லை என்பது தெரியவரும். பாணந்துறைக்குப் போக வேண்டியவர் 100 ஆம் இலக்க பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்; 101 ஆம் இலக்க பஸ் மொரட்டுவையோடு நின்றுவிடும். தூரத்தில் வரும் பஸ்ஸின் நெற்றியில் உள்ள கடைசி இலக்கம் சுழியமா ஒன்றா என்பதை அவர் ஒரு நொடிக்குள் பார்த்து, ஏறுவதற்கு முன்னே நகர்கிறார் அல்லது அடுத்த பஸ்ஸுக்காகப் பின்வாங்கி நிற்கிறார். யாருக்கும் இது ஒரு வேலையாகவே தோன்றுவதில்லை. ஆனால் அந்த ஒரு நொடிக்குள் இரண்டு கண்களையும் சரியான இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவதற்கு மூளை செய்கின்ற கணக்கு சிறிதல்ல. அந்தக் கணக்கைச் செய்யும் நரம்புக்கலங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் நம்பத்தகாதவை என்பதுதான் இதில் வியப்பானது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதே.

முதலில், கண் ஏன் அசைய வேண்டும் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். விழித்திரை முழுவதும் ஒரே கூர்மையுடன் பார்ப்பதில்லை. அதன் நடுவிலுள்ள ஒரு சிறு குழிவில் மட்டுமே ஒளியை உணரும் கலங்கள் மிக நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. கையை முழுவதும் நீட்டிப் பெருவிரலை உயர்த்தினால் அந்த நகம் மறைக்கும் பரப்பு ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு பாகை வரை இருக்கும். நாம் உண்மையில் கூர்மையாகப் பார்ப்பது அவ்வளவைத்தான். மற்றதெல்லாம் மங்கல். ஆகவே பஸ்ஸின் இலக்கத்தை வாசிக்க வேண்டுமானால் அந்தக் குழிவு இலக்கத்தை நோக்கித் திரும்ப வேண்டும். இதற்காகக் கண் செய்யும் விரைவான அசைவை இங்கே விழித்தாவல் என்று குறிப்பிடுகிறேன். விழித்திருக்கும் நேரத்தில் செக்கனுக்கு ஏறத்தாழ மூன்று முறை நம் கண்கள் இவ்வாறு தாவுகின்றன. வாசிக்கும்போது கண் வரியின் மீது வழுக்கிச் செல்வதில்லை, தாவித் தாவியே செல்கிறது என்பதை 1870களின் இறுதியில் பாரிஸ் நகரக் கண் வைத்தியர் எமில் ஜவால் எழுதி உலகறியச் செய்தார்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கண்ணாடிக்கு முன்னால் நின்று உங்கள் இடக் கண்ணையும் வலக் கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். எவ்வளவு முயன்றாலும் உங்கள் கண்கள் அசைவது உங்களுக்குத் தெரியாது. அருகில் நிற்பவருக்கோ தெளிவாகத் தெரியும். தாவல் நடக்கும் அந்தக் குறுகிய நேரத்தில் மூளை பார்வையின் உணர்திறனைக் குறைத்துவிடுகிறது என்பது இதற்கான காரணங்களுள் ஒன்று. பிறகு கைத்தொலைபேசியின் முன்பக்கக் கமெராவைத் திறந்து அதே சோதனையைச் செய்யுங்கள். திரை சற்றுத் தாமதமாகவே படத்தைக் காட்டுவதால், தாவல் முடிந்த பின்னர் அது திரையில் வந்து சேர்கிறது. உங்கள் கண்கள் தாவுவதை நீங்களே பார்த்துவிடலாம்.

பத்துப் பாகை அளவுள்ள ஒரு தாவல் 40 முதல் 50 மில்லிசெக்கனுக்குள் முடிந்துவிடுகிறது. பெரிய தாவல்களில் கண்ணின் வேகம் செக்கனுக்கு 500 பாகையைத் தாண்டுகிறது. உடலில் இதைவிட விரைவான அசைவுகள் மிகச் சிலவே உள்ளன. விழித்திரையில் விழுந்த உருவம் மூளைக்குச் சென்று பயனுள்ள செய்தியாக மாறுவதற்கு இதைவிடக் கூடுதலான நேரம் எடுக்கும். எனவே தாவல் நடந்துகொண்டிருக்கும்போது, ‘சற்று இடப்பக்கமாகப் போகிறாய், திருத்திக்கொள்’ என்று பார்வையால் சொல்ல முடியாது. விழித்தாவல் எய்த அம்பு போன்றது. குறி முழுவதும் நாண் விடுபடுவதற்கு முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும்.

உயர்தர உயிரியல் வகுப்பொன்றில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவி எழுந்து, “சேர், அப்படியென்றால் நரம்புக்கலம் அனுப்பும் கட்டளை ஒவ்வொரு தடவையும் அச்சொட்டாக ஒரே மாதிரி இருக்க வேண்டுமே?” என்று கேட்டாள். மிகச் சரியான கேள்வி. அதற்கான விடை, இல்லை என்பதே. நரம்புக்கலங்கள் கணத்தாக்கங்கள் எனப்படும் சிறு மின் துடிப்புகளால் பேசுகின்றன. ஒரே ஒளிப்புள்ளியை ஒரே இடத்தில் பத்து முறை காட்டி, மூளை மேற்பட்டையிலுள்ள ஒரே கலத்தைப் பதிவு செய்தால், ஒருமுறை 12 துடிப்புகள், அடுத்த முறை 19, பிறகு 15 என்று எண்ணிக்கை அலைந்துகொண்டே இருக்கும். பார்வை மேற்பட்டையில் நடந்த அளவீடுகள், இந்த அலைச்சல் சராசரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டியிருப்பதைக் காட்டியுள்ளன; அதாவது சராசரியாக 16 துடிப்புகளைத் தரும் ஒரு கலம், அதிலிருந்து நான்கு கூடியோ நான்கு குறைந்தோ துடிப்பது மிகச் சாதாரணம். கலத்தின் மென்சவ்விலுள்ள அயன் வாயில்கள் தற்செயலாகத் திறந்து மூடுவதும், ஒரு கலம் மற்றொன்றுக்கு இரசாயனப் பொருளைச் சுரப்பது சில வேளைகளில் நடந்து சில வேளைகளில் தவறுவதும், ஒவ்வொரு கலமும் வேறு ஆயிரக்கணக்கான கலங்களின் பேச்சை ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டிருப்பதும் இதற்குக் காரணங்கள். பொறியியலாளர்கள் இதை இரைச்சல் என்பார்கள். கால் பங்கு பிழை விடக்கூடிய கலத்தை நம்பி, 10 பாகை தூரத்திலுள்ள பஸ் இலக்கத்தை நோக்கிக் கண் எய்தால், அது இரண்டு மூன்று பாகை தள்ளிப்போய் பக்கத்திலுள்ள கண்ணாடியிலோ கண்டக்டரின் முகத்திலோ போய் நிற்க வேண்டும். நடைமுறையில் நன்கு தெரியும் இலக்கை நோக்கிய தாவலில் பிழை பொதுவாக அந்தத் தாவலின் பத்தில் ஒரு பங்குக்கு அதிகம் மிஞ்சுவதில்லை. இடையில் நடப்பது என்ன?

விடையைத் தேடுவதற்குக் கண்ணின் பொறியமைப்பைச் சற்றுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் திருப்புகின்றன. மண்டையோட்டு நரம்புகளில் மூன்றாவது, நான்காவது, ஆறாவது ஆகிய மூன்றும் அவற்றுக்குக் கட்டளை கொண்டுவருகின்றன. கையை அசைக்கும் தசை ஒருநாள் தேநீர்க் கோப்பையையும் மறுநாள் அரிசி மூட்டையையும் தூக்க வேண்டியிருக்கும். கண் தசைக்கு அந்தக் கவலை இல்லை. அது வாழ்நாள் முழுவதும் ஒரே கண்கோளத்தைத்தான் திருப்புகிறது. இதனால்தான் நரம்பறிவியலாளர்கள் கண்ணசைவை இவ்வளவு விரும்பி ஆராய்ந்தார்கள் என்று நான் நினைக்கிறேன்: சுமை மாறாதபோது, கட்டளைக்கும் அசைவுக்கும் உள்ள உறவை நேரடியாக அளக்க முடிகிறது. அந்த அளவீடுகளில் முன்னோடியாக விளங்கியவர் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டேவிட் ரொபின்சன். கண்ணின் மீது மெல்லிய கம்பிச்சுருளைப் பொருத்தி, காந்தப் புலத்தில் அதன் திசையைத் துல்லியமாக அளக்கும் முறையை 1963 இல் அவர் வெளியிட்டார்.

கட்டளைக்கு இரண்டு பகுதிகள் உண்டு. கண்கோளம் கொழுப்பாலும் இழையங்களாலும் சூழப்பட்டிருப்பதால், அதை அசைப்பது பாகுக்குள் கரண்டியை இழுப்பதைப் போன்றது. விரைவாக இழுக்க, முதலில் பலமான ஓர் உந்தல் தேவை. இழுத்த இடத்தில் பிடித்துவைக்க, அதன்பின் அளவான, இடைவிடாத ஓர் இழுவை தேவை. இல்லாவிட்டால் கண் மெல்ல நடுவுக்குத் திரும்பிவிடும். உந்தலை மூளைத்தண்டிலுள்ள வெடிப்புக் கலங்கள் தருகின்றன. தாவலின்போது இவை செக்கனுக்குப் பல நூறு துடிப்புகளைப் பொழிந்துவிட்டு அடங்கிவிடுகின்றன. பிடித்துவைக்கும் இழுவையோ, அந்த உந்தலைத் தொகையீடு செய்து பெறப்படுகிறது. கணிதம் படித்தவர்களுக்கு இது பழகிய சொல்: வேகத்தைத் தொகையிட்டால் தூரம் கிடைக்கும் அல்லவா, அதே வேலையை மூளைத்தண்டிலுள்ள ஒரு கலக்கூட்டம் செய்கிறது. இந்தத் தொகையீட்டில் ஒழுக்கு ஏற்பட்டால், பக்கவாட்டில் பார்க்கும் கண் அங்கே நிலைக்காமல் நடுவை நோக்கி வழுகும்; உடனே ஒரு சிறு தாவல் அதைத் திருப்பிக் கொண்டுபோகும்; மீண்டும் வழுகும். நரம்பியல் வைத்தியர் தன் விரலை ஓரமாகக் கொண்டுபோய், அதையே பார்த்துக்கொண்டிருங்கள் என்று சொல்வது, வேறு சிலவற்றோடு இதையும் பார்ப்பதற்குத்தான்.

கண்கோளம் பாகுக்குள் இருப்பதைப் போல மந்தமாக அசைவது இரைச்சலுக்கு எதிரான முதல் அரணும் ஆகும். ஒரு துடிப்பு ஓரிரு மில்லிசெக்கன் முன்பின் வந்தால், அந்த வேறுபாட்டை உணருமளவுக்குக் கண் சுறுசுறுப்பானதல்ல. ஒரு தசைக்கு ஆயிரக்கணக்கான நரம்புக்கலங்கள் கட்டளை அனுப்புகின்றன. ஒவ்வொன்றும் மிகச் சில தசைநார்களையே இழுக்கிறது. தனியொரு கலத்தின் தடுமாற்றம் கூட்டத்துக்குள் கரைந்துவிடுகிறது.

இந்தக் கரைதலைப் புரிந்துகொள்ள, கோயில் தேரை நினைத்துப் பார்க்கலாம். கொழும்பிலோ வேறெங்கோ தேர்த் திருவிழாவில் வடம் பிடித்தவர்களுக்கு இது கையனுபவம். வடத்தைப் பிடித்திருக்கும் நூற்றுக்கணக்கானவர்களில் எவரும் சீராக இழுப்பதில்லை. ஒருவர் வியர்வையைத் துடைக்கிறார், ஒருவர் அளவுக்கு மிஞ்சி இழுக்கிறார், ஒருவர் தோளில் பிள்ளையை வைத்துக்கொண்டு வெறுமனே தொட்டபடி நடக்கிறார். ஆனாலும் தேர் சீராக நகர்கிறது, ஏனென்றால் ஒருவர் தளரும் கணத்தில் வேறொருவர் இழுக்கிறார். கணக்காகச் சொன்னால், ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் தடுமாறும் 100 பேரின் சராசரி, தனியொருவரைவிடப் பத்து மடங்கு சீரானது; 10,000 பேரின் சராசரி நூறு மடங்கு சீரானது. எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்து இரைச்சல் அடங்குகிறது.

மூளை உண்மையிலேயே இப்படித்தான் சராசரி எடுக்கிறதா, அல்லது மிகச் சரியாகத் துடிக்கும் ஒரே ஒரு கலத்தைத் தேர்ந்தெடுத்து அதன் சொற்படி நடக்கிறதா? இதைச் சோதித்த ஆய்வு, இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தமானது. நடுமூளையின் கூரையில் மேற்சிறுகுன்று எனப்படும் ஒரு சிறு மேடு, இடமும் வலமுமாக இரண்டு உண்டு. அதன் பரப்பில் கண் செல்லக்கூடிய இடங்கள் ஒரு நிலப்படம் போல விரிக்கப்பட்டுள்ளன. இடக் குன்று வலப்பக்கத் தாவல்களுக்கும் வலக் குன்று இடப்பக்கத் தாவல்களுக்கும் உரியவை. முன்முனையில் சிறிய தாவல்கள், பின்முனையில் பெரியவை. அதன் ஒரு புள்ளியை மெல்லிய மின்சாரத்தால் தூண்டினால், அந்தப் புள்ளிக்கு உரிய திசையிலும் தூரத்திலும் கண் தாவுகிறது என்பதை ரொபின்சன் 1972 இல் குரங்குகளில் காட்டினார். ஆனால் இயல்பான ஒரு தாவலின்போது ஒரு புள்ளி மட்டும் விழித்தெழுவதில்லை. அதைச் சுற்றிய கணிசமான பரப்பிலுள்ள கலங்கள் எல்லாம் சேர்ந்து துடிக்கின்றன.

1988 இல் லீ, ரோரர், ஸ்பார்க்ஸ் ஆகிய மூவரும் அந்தப் பரப்பின் ஒரு சிறு பகுதியை, பல் வைத்தியர் முரசை விறைக்கச் செய்வதைப் போல, மருந்தால் தற்காலிகமாக விறைக்கச் செய்தார்கள். விறைத்த பகுதி எந்த இலக்குக்கு உரியதோ அதே இலக்கை நோக்கிக் குரங்கு தாவியபோது, கண் ஏறத்தாழச் சரியான இடத்துக்கே சென்றது. வேகம் மட்டும் குறைந்திருந்தது. நடுவிலிருந்தவர்கள் வடத்தை விட்டுவிட்டாலும், இருபுறமும் இழுத்தவர்கள் ஒருவரையொருவர் சமப்படுத்தியதால் தேர் திசை மாறவில்லை, மெதுவாகப் போனது, அவ்வளவுதான். ஆனால் விறைத்த பகுதிக்கு அப்பாலுள்ள ஓர் இலக்கை நோக்கித் தாவியபோது கண் அந்த இலக்கையும் தாண்டிப் போனது; இப்பாலுள்ளதை நோக்கித் தாவியபோது குறையாக நின்றது. ஒருபக்கத்து ஆட்கள் இல்லாதபோது மறுபக்கத்தார் தேரைத் தம்பக்கம் இழுத்துக்கொள்கிறார்கள். ஒரு தலைமைக் கலத்தின் கட்டளையை மட்டும் மூளை கேட்டிருந்தால் இப்படி நடந்திருக்க முடியாது. துடிக்கும் எல்லாக் கலங்களின் சராசரியே கண்ணின் திசையைத் தீர்மானிக்கிறது.

எங்கே தாவுவது என்பது போலவே எப்போது தாவுவது என்பதும் இரைச்சலால் பாதிக்கப்படும் கேள்விதான். இலக்கு தோன்றியதிலிருந்து கண் புறப்படுவதற்கு ஏறத்தாழ 200 மில்லிசெக்கன் எடுக்கும் என்று நூல்களில் இருக்கும். உண்மையில் ஒரே ஆள் ஒரே இலக்கைப் பார்க்கும்போதுகூட அது 150 இலும் இருக்கும், 300 இலும் இருக்கும். 1996 இல் ஹேன்ஸ், ஷால் ஆகிய இருவரும் குரங்குகளின் முன்மூளையில் கண்ணசைவுக்குரிய பகுதியைப் பதிவு செய்து, இதன் காரணத்தைக் கண்டார்கள். கலங்களின் துடிப்பு வீதம் படிப்படியாக ஏறிச்செல்கிறது. ஒரு குறிப்பிட்ட மட்டத்தைத் தொட்டதும் கண் புறப்படுகிறது. விரைவான தாவலிலும் தாமதமான தாவலிலும் அந்த மட்டம் மாறவில்லை. அதை நோக்கி ஏறும் வேகமே ஒவ்வொரு முறையும் மாறுகிறது. ஒரு பானையில் நீர் சில நேரம் விரைந்தும் சில நேரம் மெதுவாகவும் நிறைகிறது, ஆனால் விளிம்பைத் தொட்டால்தான் வழிகிறது. இதனால் நரம்புக்கலங்களின் ஏற்ற இறக்கம் தாவலின் நேரத்தைச் சற்று முன்பின்னாகத் தள்ளுகிறதே தவிர, அரைகுறையான தாவல்களை உண்டாக்குவதில்லை.

அதை உறுதிசெய்ய இன்னொரு காவலும் உண்டு. மூளைத்தண்டின் நடுக்கோட்டை ஒட்டி ஒரு சிறு கலக்கூட்டம் இருக்கிறது. கண் ஓரிடத்தில் நிலைத்திருக்கும் வரை இந்தக் கலங்கள் செக்கனுக்கு நூறு அளவில் ஓயாது துடித்து, வெடிப்புக் கலங்களை அடக்கிவைக்கின்றன. எந்தத் திசையில் தாவல் நடந்தாலும், அது தொடங்குவதற்குச் சற்று முன்பு இவை முற்றாக மௌனமாகின்றன. கண் இலக்கை அடைந்ததும் மீண்டும் துடிக்கத் தொடங்குகின்றன. தேர்ச்சில்லின் கீழ் வைக்கும் முட்டுக்கட்டையை இதைவிடப் பொருத்தமாக நினைவூட்டும் ஒன்றை நான் மூளையில் கண்டதில்லை. கட்டை எடுக்கப்படாத வரை, வடத்தைப் பிடித்திருப்பவர்கள் எத்தனை முறை அங்குமிங்கும் இழுத்துப் பார்த்தாலும் தேர் நகராது. மேற்சிறுகுன்றில் கலங்கள் அடுத்த இலக்கைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போதும் நம் கண் அமைதியாக ஒரு சொல்லின் மீது நிற்பதற்கு இந்தக் கட்டையே பெரிதும் காரணம்.

இதுவரை சொன்னதில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதை மூடி மறைப்பது வாசகருக்குச் செய்யும் நியாயமாகாது. சராசரி எடுத்தால் இரைச்சல் அடங்கும் என்பது, ஒவ்வொருவரும் தனித்தனியே தடுமாறும் வரைதான் உண்மை. எங்கிருந்தோ ஒரு பெருஞ்சத்தம் கேட்டு, வடம் பிடித்த எல்லோரும் ஒரே கணத்தில் ஒரே பக்கம் திரும்பிவிட்டால், ஆயிரம் பேர் இருந்தும் பயனில்லை. மூளையின் அயற்கலங்களும் தடுமாற்றத்தில் ஓரளவு ஒத்துப்போகின்றன. 1994 இல் சொஹாரி, ஷட்லன், நியூசம் ஆகியோர், அசைவை உணரும் மூளைப் பகுதியில் இந்த ஒத்துப்போதலை அளந்தார்கள்; அது முழு ஒற்றுமையை ஒன்று எனக் கொண்டால் சராசரியாக 0.12 அளவே இருந்தது. கேட்பதற்குச் சிறியது. ஆனால் அதன் விளைவு பெரிது: கணக்கிட்டுப் பார்த்தால், நூறு கலங்களுக்கு மேல் எத்தனை ஆயிரம் கலங்களைச் சேர்த்தாலும், தனிக்கலத்தின் இரைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட அளவு அடங்காமல் எஞ்சி நிற்கும்.

அந்த எஞ்சிய இரைச்சல் எங்கே போகிறது? அதன் ஒரு பகுதி நம் கண்ணசைவிலேயே தென்படுகிறது. காலி முகத்திடலில் ஒரு பட்டத்தைக் கண்ணால் பின்தொடரும்போது நடப்பது தாவல் அல்ல. பொருளோடு சேர்ந்து கண் வழுக்கிச் செல்லும் வேறொரு வகை அசைவு. 2005 இல் ஒஸ்போர்ன், லிஸ்பெர்கர், பியாலெக் ஆகிய மூவரும், குரங்குகளில் இந்த அசைவு முறைக்கு முறை எவ்வாறு மாறுகிறது என்பதை ஆராய்ந்து, அந்த மாற்றத்தின் மிகப் பெரும் பகுதி, பொருள் எந்தத் திசையில், எந்த வேகத்தில், எப்போது நகரத் தொடங்கியது என்று மூளை மதிப்பிடுவதில் ஏற்படும் பிழைகளால் விளங்கப்படுத்தக் கூடியது என்று காட்டினார்கள். தசையை இயக்கும் பக்கம் அதன்மேல் கூட்டுவது மிகக் கொஞ்சம். பார்க்கும் கலங்களின் பொதுவான தடுமாற்றம் உள்ளே நுழைகிறது. அதன்பின் வரும் பாதை வியக்கத்தக்க அளவுக்குச் சுத்தமானது.

மற்றொரு பகுதி, கூட்டலால் அல்லாமல் கழித்தலால் நீங்குகிறது. நடுங்கி ஓடும் பஸ்ஸில் இருந்து கடைப் பெயர்ப்பலகைகளை நம்மால் வாசிக்க முடிவதற்குக் காரணம், தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அதற்கு எதிர்ப்பக்கமாகக் கண்ணைத் திருப்பும் ஒரு தெறிவினை. உள்காதின் அரைவட்டக் கால்வாய்களிலிருந்து புறப்படும் இந்தச் செய்தி ஏறத்தாழ 10 மில்லிசெக்கனில் கண்ணை அடைந்துவிடுகிறது. இதன் திறமையை அறிய, ஒரு தாளைக் கையில் பிடித்துத் தலையை விரைவாக இடவலமாக ஆட்டியபடி வாசித்துப் பாருங்கள். பிறகு தலையை அசைக்காமல் அதே விரைவில் தாளை ஆட்டி வாசியுங்கள். முதலாவதில் எழுத்து தெளிவாக நிற்கும், இரண்டாவதில் கலங்கிவிடும். இரு காதுகளின் நரம்புகளும் ஓய்வு நிலையிலும் இடைவிடாது துடித்துக்கொண்டே இருக்கின்றன. தலை வலப்பக்கம் திரும்பினால் வலக்காதின் துடிப்பு கூடும், இடக்காதின் துடிப்பு குறையும். மூளை கவனிப்பது இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை. இரண்டு பக்கமும் ஒருங்கே கூடினாலோ குறைந்தாலோ அது கழிபட்டுப் போகும்.

எஞ்சிய இரைச்சலோடு மூளை செய்துகொள்ளும் ஒருவகைச் சமரசத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டளை எவ்வளவு பலமானதோ, இரைச்சலும் அவ்வளவு பெரிதாகிறது. மெல்ல நடக்கும்போது சிந்தாத தேநீர், ஓடினால் சிந்துகிறது. ஆகவே கண்ணை இன்னும் விரைவாகத் தாவச்செய்யத் தசைகளுக்கு இடமிருந்தாலும், அப்படிச் செய்தால் அது இலக்கிலிருந்து இன்னும் தள்ளி விழும். மிகமெதுவாகத் தாவினால் குறி தவறாது. ஆனால் பார்வை கலங்கியிருக்கும் நேரம் நீண்டுவிடும். 1998 இல் கிறிஸ்தோபர் ஹரிஸ், டானியல் வோல்பர்ட் ஆகிய இருவரும், தாவலின் முடிவில் ஏற்படும் சிதறலை மிகக் குறைக்கக்கூடிய பாதை எது என்று கணித்துப் பார்த்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த வளைகோடு, மனிதக் கண் தாவும்போது பதிவாகும் வேக வளைகோட்டோடு நன்றாகப் பொருந்தியது. தாவல் பெரிதாக ஆக அதன் வேகமும் நேரமும் மாறாத ஓர் ஒழுங்கில் கூடிச்செல்வது அதற்கு முன்பே அறியப்பட்டிருந்தது. கண்ணின் இயல்பான வேகத்தையே இரைச்சல் செதுக்கியிருக்கிறது என்ற இந்தக் கருத்து, நரம்புக்கலங்களின் தடுமாற்றத்தை வெறும் குறையாக எண்ணியிருந்த என் பார்வையை மாற்றியது.

இனி மூளி. சிறுமூளை என்றும் இதைச் சொல்வதுண்டு. மேலே சொன்ன ஏற்பாடுகள் எல்லாம் இருந்தும், தசைகள் களைக்கின்றன, வயது ஏறுகிறது. நேற்றுச் சரியாக இருந்த கட்டளை இன்று சற்றுக் குறையாக இருக்கலாம். இந்தப் பிழையைக் கவனித்துத் திருத்துவது மூளியின் வேலை. 1967 இல் மக்லாஃப்லின் ஒரு எளிய தந்திரத்தால் இந்தக் கற்றலை வெளிப்படுத்தினார். ஒருவர் ஓர் இலக்கை நோக்கித் தாவும்போது, தாவல் நடக்கும் நேரத்திலேயே இலக்கைச் சற்று உட்பக்கம் நகர்த்திவிடுவது. தாவலின்போது பார்வையின் உணர்திறன் குறைந்திருப்பதால் அவருக்கு இது தெரிவதில்லை. தன் கண்தான் குறியைத் தாண்டிப் போய்விட்டது என்று அவர் மூளை முடிவுசெய்கிறது. இப்படி மீண்டும் மீண்டும் செய்தால், கண் தன் தாவலைத் தானே சுருக்கிக்கொள்கிறது. மூளியின் பின்பகுதி பழுதுபட்டவர்களிடம் இந்தக் கற்றல் குன்றுகிறது. அவர்களின் தாவல்கள் இலக்கைத் தாண்டியும் குறைந்தும் விழுகின்றன.

மூளியின் முதன்மைக் கலங்களான பேர்க்கின்சி கலங்களைத் தனித்தனியே பார்த்தால் மீண்டும் அதே குழப்பம்தான். ஒரே தாவலின்போது ஒரு கலம் விரைந்து துடிக்கிறது, மற்றொன்று அடங்கிப்போகிறது, வேறொன்று தாவல் முடிந்த பின்னரும் நிறுத்துவதில்லை. பல ஆண்டுகள் ஆய்வாளர்கள் இவற்றின் துடிப்பில் கண்ணின் வேகத்தைத் தேடியும் தெளிவான உறவு கிடைக்கவில்லை. 2015 இல் ஹெர்ஸ்ஃபெல்ட், ஷத்மெர் முதலியோர், ஒரே திசைப் பிழைக்குப் பதிலளிக்கும் கலங்களை ஒரு குழுவாகச் சேர்த்து, விரைந்தவையும் அடங்கியவையுமாகிய எல்லாவற்றின் துடிப்பையும் கூட்டிப் பார்த்தார்கள். அந்தக் கூட்டுத்தொகை, கண் அந்தந்தக் கணத்தில் எந்த வேகத்தில், எந்தத் திசையில் செல்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டியது. பல பேர்க்கின்சி கலங்கள் அடுத்த நிலையிலுள்ள ஒரே கலத்தின் மீது ஒன்றுகூடுகின்றன என்பதை நினைத்தால், மூளையும் அதே கூட்டலைச் செய்வது இயல்பே. குழப்பம் கலங்களில் இருந்ததில்லை. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்த முறையில் இருந்தது.

அந்த மாணவிக்கு அண்மையில் முதன்முறையாக மூக்குக்கண்ணாடி கிடைத்தது. கிட்டப்பார்வைக்கான வில்லை உருவங்களைச் சற்றுச் சிறிதாக்கிக் காட்டும். எனவே தலை திரும்பும்போது கண் முன்பைவிடக் கொஞ்சம் குறைவாகவே எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும். மூளிக்கு அது உடனே தெரியாது. பம்பலப்பிட்டியில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடையிலிருந்து வெளியே வந்ததும், தலையைத் திருப்பும்போதெல்லாம் வீதியும் நடைபாதையும் நீந்துவதைப் போலிருந்தது என்றாள். நான்காம் நாள் அந்த நீச்சல் நின்றுவிட்டது. பிறகு முகம் கழுவுவதற்காகக் கண்ணாடியைக் கழற்றி நிமிர்ந்தபோது, இப்போது கண்ணாடி இல்லாமல் குளியலறைச் சுவர் மற்றப்பக்கமாக நீந்தியதாம்.